மார்கழி, தை வானம்: ஒரு கொல்லைப்புற நாட்குறிப்பு

2024 டிசம்பர் 30, அமாவாசை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகும் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை தமிழ்நாட்டு இரவு வானம் மிகச் செழிப்பானது. ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் தெருவிளக்கு விழாத ஒரு கொல்லைப்புறம் இருந்தால் போதும். மொட்டை மாடியைவிடக் கொல்லையே மேல். பகலில் காய்ந்த காங்கிரீட் முன்னிரவு முழுக்க வெப்பத்தை வெளிவிடும். மேலெழும் அந்தக் காற்றில் டெலஸ்கோப்பின் பிம்பம் நடுங்கும். மண் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது.

முதலில் வாங்க வேண்டிய கருவி டெலஸ்கோப் அல்ல, 10×50 பைனாகுலர். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அதில் சுமார் ஆறரைப் பாகை அகல வானம் ஒரே பார்வையில் அடங்கும். கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு பாகைக்குப் பரந்தது. ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பில் 48 மடங்கில் நோக்கினால் ஒரு பாகை அளவே தெரியும். கூட்டத்தின் பாதி வெளியே போய்விடும். பைனாகுலரில் அது முழுமையாக, நீல வெண்மையாக நிற்கிறது. இரவு ஒன்பதரைக்கு ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருக்கும் என்பதால் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதே நல்லது. கழுத்தும் நோகாது, கையும் ஆடாது.

கார்த்திகைக்குத் தென்மேற்கே சுமார் எட்டுப் பாகை தள்ளி மங்கலான ஒரு புள்ளி தெரியும். அது யுரேனஸ். 1977 மார்ச் 10 அன்று இக்கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, அந்த விண்மீனின் ஒளி இடையிடையே குறைந்து மீண்டது. அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்றும், இதே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகமும் அதைப் பதிவு செய்தன. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அதிலிருந்தே தெரிய வந்தது.

2025 ஜனவரி 10

சூரியனிலிருந்து மிக அதிகமாக, 47 பாகை, வெள்ளி விலகி நிற்கும் நாள். டெலஸ்கோப்பில் அது பாதி நிலா வடிவில் தெரிகிறது. முழு இருளில் அதன் ஒளி கண்ணைக் கூசவைப்பதால் அந்தி வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி 13, ஆருத்ரா தரிசனம்

முழு நிலவின் ஒளியில் மங்கலானவை எல்லாம் மறைந்துவிடும். இது செவ்வாய்க்குரிய இரவு. முந்தைய நாள் அது பூமிக்கு மிக அருகில், சுமார் 9.6 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. ஆறு அங்குல டெலஸ்கோப்பில் அதன் வடதுருவப் பனித்தொப்பி வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொறுமையாக நோக்கினால் கருந்திட்டுகளும் பிடிபடும்.

ஜனவரி 18

மேற்கே வெள்ளியும் சனியும் இரண்டேகால் பாகைக்குள். பைனாகுலரில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. மார்ச்சில் வளையங்களின் விளிம்பு பூமியை நேர்நோக்கவிருக்கிறது. எனவே இப்போதே டெலஸ்கோப்பில் வளையம் சனியை ஊடுருவிய ஊசியாக மெலிந்திருக்கிறது.

ஜனவரி 29, தை அமாவாசை

பருவத்தின் மிகச் சிறந்த இரவு. இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். அதற்கிடையில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். வரைபடம் பார்க்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் போதும்.

ஒன்பதரை மணி அளவில் ஓரியன் உச்சத்தில். அதன் வாளில், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் பெருமேகம். பைனாகுலரில் புகைத்திட்டாகத் தெரிவது 48 மடங்கில் சிறகு விரிக்கிறது. 120 மடங்கில் நடுவே நான்கு விண்மீன்கள் நெருக்கமாகப் பிரிகின்றன. இவற்றின் கதிர்வீச்சே மேகத்தை ஒளிரச் செய்கிறது. புகைப்படங்களில் உள்ள சிவப்பைக் கண்ணால் காண முடியாது. மங்கிய ஒளியில் கண்ணின் நிறமறியும் செல்கள் ஏறக்குறைய வேலை செய்வதில்லை. மேகத்தை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாக நோக்கினால் அதன் பரப்பு கூடித் தெரியும். இந்தப் பழக்கம் கைவந்தவருக்கு அதே கருவி இன்னொரு கருவியாகிவிடுகிறது.

பத்து மணிக்குத் தெற்கே அகத்திய நட்சத்திரம், அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில். வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது உதிப்பதே இல்லை.

இதற்குள் பனி இறங்கிவிடும். தெளிந்த வானத்தை நோக்கிய கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் வில்லையில் ஈரம் படிகிறது. துடைத்தால் கீறல் விழும். குழல் வாயில் கறுப்பு அட்டையை நீட்டிச் சுற்றினால் ஈரம் படியத் தாமதமாகும். அப்படியும் படிந்தால் வீட்டுக்குள் மூடியின்றி உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

பிப்ரவரி 4

வளர்பிறை. நிலவின் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையை ஒட்டித் தியோஃபிலஸ் பள்ளம். ஏறத்தாழ 100 கி.மீ. அகலமான அதன் நடுவில் மலைமுகடுகள் நிற்கின்றன. சூரியன் அங்கே தாழ்ந்திருப்பதால் நிழல்கள் நீண்டு, ஆழம் தெளிவாகத் தெரிகிறது. பௌர்ணமியில் இதே பள்ளம் தட்டையாகிவிடும்.