மூன்று தடங்கள் கூடும் இடம்

டோக்கியோவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கசுமிகசேகி நிலையத்தில் இறங்க ஒரு காரணமும் கிடையாது. மேலே கோயில் இல்லை, கடைவீதி இல்லை. வெளியுறவு, நிதி, வேளாண்மை என்று அமைச்சகங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. கூப்பிடு தூரத்தில் மாநகரக் காவல் தலைமையகம், நடக்கிற தூரத்தில் நாடாளுமன்றம். நாம் 'கோட்டை' என்று சொல்வதுபோல ஜப்பானியர்கள் அதிகாரிகளின் உலகத்துக்கே கசுமிகசேகி என்ற பேரைத்தான் சொல்கிறார்கள்.

நான் போனது நிலையத்தைப் பார்க்க. வேண்டுமென்றே அலுவலக நேரமாகப் பார்த்து, சியோடா தடத்து ரயிலில் காலை எட்டு மணிவாக்கில் போய் இறங்கினேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் வழிகாட்டிப் பலகைகளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவரவர் வாசலுக்குப் பிரிந்து போனார்கள். எனக்குத்தான் பலகை தேவைப்பட்டது. மருனோஉச்சி தடம் 1958இல் வந்தது. ஹிபியா தடம் ஒலிம்பிக் நடந்த 1964இலும், சியோடா தடம் 1971இலும் சேர்ந்தன. வெவ்வேறு காலத்தில் தோண்டியவை என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நீண்ட சுரங்க நடைபாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போகலாம்.

ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு தன் நச்சுத் தாக்குதலுக்கு இந்த நிலையத்தைக் குறிவைத்ததற்குக் காரணம், அரசு அலுவலகங்களுக்கு வரும் மூன்று தடங்களும் இங்கே கூடுவதுதான். அந்தக் குழுவின் மேல் பெரிய போலீஸ் சோதனை வரவிருந்தது. அதைத் திசைதிருப்ப 1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை, ஐந்து பேர் ஐந்து ரயில்களில் ஏறினார்கள். நாளிதழில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளில் சாரின் என்ற நச்சுத் திரவம் இருந்தது. கூர்தீட்டிய குடை நுனியால் பைகளைக் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். ஐந்து ரயில்களும் கசுமிகசேகி வழியாகப் போகிறவை. குத்தியவர்களில் ஒருவர் இதய நோய் மருத்துவர். இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். படித்தவன் செய்யமாட்டான் என்று நாம் இன்னும் எந்தத் தைரியத்தில் சொல்கிறோமோ!

மருத்துவர் குத்திய பை சியோடா தடத்து ரயிலில் இருந்தது. நான் நின்ற நடைமேடைக்குத்தான் அந்த ரயில் வந்தது. ஏதோ கசிகிறது என்று தகவல் வர, உதவி நிலைய அதிகாரி கசுமாசா தகஹாஷியும் சக ஊழியர்களும் பொட்டலத்தை வெளியே எடுத்தார்கள், தரையைத் துடைத்தார்கள். ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த நிலையம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் அதை நிறுத்திவைத்தார்கள். தகஹாஷியும் ஹிஷினுமா என்ற இன்னொரு ஊழியரும் இறந்தார்கள். ஐந்து ரயில்களிலுமாகச் சேர்த்து அப்போது சொன்ன கணக்கு பன்னிரண்டு, பின்னால் பதின்மூன்று. படுக்கையிலேயே கால் நூற்றாண்டு கிடந்த ஒரு பெண் 2020இல் இறந்ததும் பதினான்கு. பாதிக்கப்பட்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

குறி அரசாங்கம். அடி வாங்கியவர்களோ பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும், தரையைத் துடைத்தவர்களும். எழுத்தாளர் ஹருகி முரகாமி அவர்களைத் தேடிப்போய்ப் பேசி 1997இல் ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20 அன்று காலை எட்டு மணிக்கு நிலைய ஊழியர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். நான் போனது வேறொரு நாள். சீருடை அணிந்த ஒருவர் புறப்படும் ரயிலுக்கு விரல் நீட்டித் தனக்குத்தானே ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கவனம் சிதறாமல் இருக்க ஜப்பானிய ரயில்வேக்காரர்கள் கைக்கொள்ளும் முறை அது.

குழுவின் தலைவரையும் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரையும் 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மருத்துவருக்கு ஆயுள் தண்டனை. தகஹாஷியின் மனைவி ஷிசுயே பாதிக்கப்பட்டவர்களின் சங்கத்துக்குத் தலைமையேற்று ஓயாமல் அலைந்தார். குழு திவாலாகிவிட்டதால் நட்ட ஈடு முழுசாக வரவில்லை. அரசாங்கம் தரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கான சட்டம் 2008இல்தான் நிறைவேறியது.

படியேறி வெளியே வந்து நாடாளுமன்றம்வரை நடந்து பார்த்தேன். மெதுவாக நடந்தும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.