தரையைத் தொடாத தூண்

வெள்ளை வண்ணம் பூசிய இரும்புச் சாரம் ஒன்று, கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீண்டு போகிறது. நம்மூர்க் கோபுரத்தில் திருப்பணி நடக்கும்போது சவுக்குக் கம்புகளைக் கட்டி நிறுத்துவார்களே, அதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். ஆனால் இங்கே ஏறி நின்று வேலை செய்ய ஆள் இல்லை. சுண்ணாம்புச் சட்டியும் இல்லை. 1989 நவம்பரில் திறந்த கட்டடம் இது. சாரத்தை யாரும் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கப் போவதும் இல்லை. அந்தச் சாரம்தான் கட்டடமே.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில், ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது வெக்ஸ்னர் கலை மையம். லெஸ்லி வெக்ஸ்னர் என்ற ஆடை வணிகர் தந்த பெருந்தொகையின் துணையோடு, அவருடைய தந்தை ஹாரியின் பெயரில் எழுந்தது. என் அக்கா மகள் அங்கே சிவில் எஞ்சினியரிங் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் அந்த வளாகத்தில் தினமும் நடந்தேன். நடை எங்கே தொடங்கினாலும் இந்தச் சாரத்தினடியில்தான் போய் முடிந்தது.

பீட்டர் ஐசன்மன் வடிவமைத்தது. 1983இல் நடந்த போட்டியில் சீசர் பெல்லி, மைக்கேல் கிரேவ்ஸ், ஆர்தர் எரிக்சன் போன்ற பெரிய பெயர்களோடு மோதி, ரிச்சர்ட் டிராட் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து வென்றார். திறந்த வெளியில் தனியாக ஒன்றைக் கட்டி நிறுத்தாமல், ஏற்கெனவே இருந்த இரண்டு அரங்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தேர்ந்தெடுத்து அதற்குள் தன் கட்டடத்தைச் செருகினார். கொலம்பஸ் நகரத் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமான ஒரு கட்டத்தில் ஓடுகின்றன; பல்கலைக்கழகப் பாதைகள் வேறொரு கட்டத்தில். இரண்டுக்கும் இடையே 12.25 பாகை விலகல். தலைமுறை தலைமுறையாக அங்கே நடப்பவர்களின் காலுக்குத் தெரியாத அந்தக் கோணலை ஐசன்மன் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார். உள்ளே சுவர்கள் ஒரு கட்டத்தையும் தூண்கள் இன்னொன்றையும் பின்பற்றும்போது, நேராக நடக்கிறோமா சாய்ந்து நடக்கிறோமா என்று உடம்புக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

தெற்கு முகப்பில் செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. 1898 முதல் அந்த இடத்தில் கோட்டை போன்ற படைப்பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. 1958இல் தீப்பிடித்தது, மறு ஆண்டு இடித்துவிட்டார்கள். ஐசன்மன் அதன் கோபுரங்களை மறுபடி எழுப்பினார். ஆனால் பழையபடி முழுசாக அல்ல. ஒன்றை நெடுக்கே பிளந்து, ஒன்றைப் பாதியில் நிறுத்தி, உள்ளே கண்ணாடியையும் உலோகத்தையும் தெரியவிட்டார். எரிந்துபோனதை எரியாதது போலக் காட்ட அவருக்கு மனமில்லை.

படிக்கட்டில் ஒரு தூண் இருக்கிறது. கூரையிலிருந்து இறங்கி வந்து படிகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

“பாரமே இல்லை மாமா, சும்மா தொங்குது” என்றாள் மருமகள். கொஞ்ச நேரம் அதன் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஆனா இதைப் பார்த்த பிறகுதான் மத்த தூணெல்லாம் எதைத் தாங்குதுன்னு தேடத் தோணுது” என்றாள்.

இந்தக் கட்டடத்தில் குடியிருப்பது கலைப்பொருளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. மேற்கூரைக் கண்ணாடி வழியே வந்த வெயில் ஓவியங்களுக்கு ஆகாது; வெப்பமும் ஈரப்பதமும் நிலையாக நிற்கவில்லை. 2002இல் மூடி, மூன்றாண்டு சீர்செய்து 2005இல் திறந்தார்கள். இப்படிப்பட்ட கட்டடம் தேவைதானா என்று கேட்பவர்கள் அங்கேயே உண்டு. எனக்குத் தேவை என்றே படுகிறது. நல்ல பெட்டி போன்ற காட்சியகங்கள் உலகெங்கும் இருக்கின்றன. கலைஞரை முதல் நாளிலேயே வம்புக்கு இழுக்கும் கட்டடம் அரிது. ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதும் அதுதான். இங்கே பெரிய நிரந்தரச் சேகரிப்பைக் காட்டி வைப்பது நோக்கமில்லை. காட்சிகள் வரும், போகும். கலைஞர்கள் வருவார்கள், தங்குவார்கள், செய்து பார்ப்பார்கள். வேதியியல் துறைக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ அப்படித்தான் இந்த மையத்தை நடத்துகிறார்கள்.

அந்த வம்பை ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் மாயா லின். வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவுச் சுவரை 21 வயதில் வடிவமைத்தவர். பிறந்தது இதே ஓஹாயோவில், ஏதென்ஸ் என்ற சிறு பல்கலைக்கழக நகரத்தில். அப்பா ஹென்றி லின் அங்கே மட்கலைஞராகவும் நுண்கலைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். வெக்ஸ்னர் மையத்துக்கு அழைக்கப்பட்டபோது மாயா லின் பெரிய கூடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு கட்டங்கள் மோதும் இடத்தில் எதற்கும் உதவாமல் மிஞ்சிய மூலைகளைக் கேட்டார். அவற்றில் 43 டன் உடைந்த கண்ணாடியைக் கொட்டினார்: நொறுங்கினாலும் கூராகக் குத்தாமல் சிறு மணிகளாக உதிரும் கார்க் கண்ணாடி. அதை இடத்திலேயே குவித்து, சரித்து, மேடும் பள்ளமுமாக ஆக்கினார். 1993இல் முடிந்த அந்தப் படைப்பின் பெயர் ‘கிரவுண்ட்ஸ்வெல்’. மூன்று மட்டங்களில் மூன்று இடங்களில் கிடக்கிறது. மிதிக்க முடியாது, மேலிருந்தும் சன்னல் வழியும் பார்க்கலாம். மேகம் மூடியபோது பச்சை கலந்த கடல்நீராகத் தெரிந்தது. வெயில் வந்ததும் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எரியத் தொடங்கியது. அந்தச் சன்னலைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அந்த மேடுகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட ஊற்றுகள் இரண்டு. ஜப்பானில் சரளையைக் கோதி அலையாக்கும் தோட்டங்கள் ஒன்று. அவர் சிறுமியாய்ப் பார்த்து வளர்ந்த ஓஹாயோவின் தொல்குடி மண்மேடுகள் இன்னொன்று. இரண்டாவதைக் கேள்விப்பட்ட பிறகு கொலம்பஸிலேயே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் நியூவார்க் வந்துவிடுகிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ஹோப்வெல் என்று இன்று நாம் அழைக்கும் பண்பாட்டு மக்கள் எழுப்பிய மண்வட்டம் அங்கே இருக்கிறது. குறுக்களவு 365 மீட்டர் அளவு. இரும்புக் கருவியில்லை, வண்டி மாடில்லை. கூடை கூடையாக மண் சுமந்து கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழைந்தால் ஊர் மறைந்துவிடுகிறது. அருகிலேயே எண்கோண வடிவ மண்மதில் ஒன்று உண்டு. சந்திரன் உதிக்கும் இடம் வடக்கும் தெற்குமாக அலைந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் 18.6 ஆண்டுச் சுற்றுக்கு இசைய அமைத்தது. நூறாண்டுக்கும் மேலாக அதன்மேல் கோல்ஃப் ஆடினார்கள். 2023இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. 2025 சனவரி 1இல் எண்கோணம் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு மனித ஆயுளில் நாலு தடவைக்குமேல் முழுதாய்ப் பார்க்கக் கிடைப்பது அரிதான ஒரு சுழற்சியைக் கவனித்து, மறவாமல் அடுத்தவருக்குச் சொல்லி, அதை மண்ணில் எழுதி வைத்தவர்களின் நிலம் இது. மாயா லின்னின் கண்ணாடி மேடு அந்தக் கையெழுத்தைப் படித்தவரின் வேலை.

கொலம்பஸ் திரும்பினேன். ரெசிடென்சி என்று கலையுலகில் சொல்வதைத் தூரத்திலிருந்து கேட்டால் கலைஞருக்கு யாரோ அறையும் சாப்பாடும் கொடுப்பது போலத் தோன்றும். இந்த மையத்தில் அதன் முக்கியமான பாகமாக இருந்தது ஒரு படத்தொகுப்புக் கூடம். திரைப்படம், வீடியோ செய்பவர்கள் எங்கிருந்தோ வருவார்கள். படம்பிடித்த சுருள் இருக்கும், பணம் தீர்ந்திருக்கும், அல்லது வழி தெரியாமல் நின்றிருப்பார்கள். மையத்தின் படத்தொகுப்பாளர்கள் கூட உட்கார்ந்து வேலை செய்வார்கள். கட்டணம் வாங்கியதில்லை, படம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதும் இல்லை.

பிரான்ஸின் திரைப்படக் கலைஞர் கிறிஸ் மார்க்கர் 1995இல் இந்த மையத்துக்காகத்தான் ‘சைலன்ட் மூவி’ செய்தார். சினிமாவுக்கு நூறு வயது ஆன ஆண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தொலைக்காட்சிப் பெட்டிகள் அடுக்கிய கோபுரம். பயணம், முகம், சைகை, வால்ட்ஸ் என்று பெட்டிக்கு ஒரு பொருள். நடுப்பெட்டியில் மட்டும் மௌனப்படங்களில் வருவது போன்ற எழுத்து அட்டைகள், மொத்தம் 94. எந்தப் படத்தோடு எந்த அட்டை சேரும் என்பதைக் கணினி தற்செயலாய் முடிவு செய்யும். ஆக, அந்தப் படத்துக்கு முடிவு என்ற ஒன்றே கிடையாது.

இந்தக் கூடத்தைப் பற்றி அறிந்தவற்றில் என்னை மிகவும் ஆட்டிப்போட்டது பார்பரா ஹாம்மரின் கதை. 1939இல் பிறந்தவர். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் வாழ்வை, பெரும்பாலோர் திரையில் காட்டத் துணியாத காலத்தில், தானே கேமராவைப் பிடித்துக் காட்டியவர். கடைசிக் காலத்தில் சூலகப் புற்றுநோய். தான் எடுத்துவைத்து முடிக்காமல் விட்ட படச்சுருள்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. வெக்ஸ்னர் மையத்தின் ரெசிடென்சி நல்கை அவருக்குக் கிடைத்தது. அதை வைத்துத் தன் படத்தைத் தானே முடித்துக்கொள்ள அவர் முயலவில்லை. சுருள்களைப் பிற திரைப்படக் கலைஞர்கள் கையில் கொடுத்து, அவரவர் படமாக ஆக்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டார். 2019 மார்ச்சில் இறந்தார்.

லின் சாக்ஸ் என்ற இயக்குநருக்குக் கிடைத்தது 1998இல் எடுத்த படம். கேப் காட் கடற்கரை மணல்மேட்டில், மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒரு குடிசையில் ஒரு மாதம் தனியாகத் தங்கி, ஹாம்மர் 16 மில்லிமீட்டர் சுருளில் புல்லையும் வெளிச்சத்தையும் சட்டம் சட்டமாகப் பிடித்திருந்தார், நாட்குறிப்பும் எழுதியிருந்தார். அதுவும் ஒரு ரெசிடென்சிதான். அங்கே தொடங்கியது இருபது ஆண்டு கழித்து இன்னொரு ரெசிடென்சியின் உதவியால் ‘எ மன்த் ஆஃப் சிங்கிள் ஃப்ரேம்ஸ்’ என்ற 14 நிமிடப் படமாயிற்று. ஹாம்மர் தன் பழைய நாட்குறிப்பைத் தானே படிக்கும் குரல் அதில் பதிவாகியிருக்கிறது. நோயில் தளர்ந்த குரல், மணலில் ஓடியாடிய நடுவயதுப் பெண்ணின் சொற்களைச் சொல்லுகிறது. குரலுக்கும் காட்சிக்கும் நடுவே இருக்கும் இருபது வருடத்தைச் சாக்ஸ் மூடி மறைக்கவில்லை. 2020இல் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் இதற்குப் பெரும்பரிசு கிடைத்தது.

டெபோரா ஸ்ட்ராட்மனுக்குக் கிடைத்ததோ 1975இல் குவாதமாலாவில் எடுத்த படம். ஹாம்மர் மோட்டார் சைக்கிளில் போயிருந்த பயணம் அது. சந்தைப் பெண்கள், பூ, துணி, நிறம். அந்தக் காட்சிகளை வைத்து என்ன செய்வது என்று ஹாம்மருக்கு அப்போது வழி தெரியவில்லை. ஸ்ட்ராட்மன் அவற்றோடு மாயா டெரனைக் கொண்டுவந்து சேர்த்தார். டெரன் 1940களில் ஹைத்திக்குப் படமெடுக்கப் போனவர்; நினைத்த படத்தை அவராலும் முடிக்க முடியவில்லை, பதிலாக வூடூ வழிபாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வழிபாட்டின் தொடக்கத்தில் தெய்வத்தை அழைப்பதற்குத் தரையில் மாவால் இழைக்கும் வரைவுக்கு வெவே என்று பெயர். ஸ்ட்ராட்மன் தன் 12 நிமிடப் படத்துக்கு அதையே பெயராக வைத்தார்.

படம் ஓடுகையில் ஹாம்மரும் ஸ்ட்ராட்மனும் தொலைபேசியில் பேசும் குரல் கேட்கிறது. மருமகள் அறையில் நாங்கள் இருவரும் பார்த்தோம். அவளுக்குச் சோதனைப் படங்கள் பழக்கமில்லை. ஆனாலும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“மூணு பேரு மாமா. ஒருத்தங்க விட்ட இடத்துல இன்னொருத்தங்க. ஆனா யாரும் யாரையும் திருத்தலை” என்றாள்.

எனக்கும் அதுதான் பட்டது. திருத்துவது எளிது. தவறவிட்டதைச் சரிக்கட்டி, அழகாக மூடி, உரிய பெயரோடு வெளியிடுவது எந்த ஸ்டூடியோவாலும் முடியும். விட்ட இடம் தெரியும்படி அதன் பக்கத்திலேயே தன் வேலையை வைப்பதற்கு அவகாசம் வேண்டும். அவசரப்படுத்தாத ஒரு நிறுவனம் பின்னால் நிற்க வேண்டும். தேர்வும் மதிப்பெண்ணும் காலக்கெடுவுமாக ஓடும் ஒரு பல்கலைக்கழகம், தன் வளாகத்தின் ஒரு விளிம்பில் அப்படி ஓர் இடத்தை வைத்திருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த வளாகத்தில் இந்த மனப்போக்கு ஐசன்மனுக்கு முன்பே இருந்தது. ஹாய்ட் ஷெர்மன் என்ற ஓவிய ஆசிரியர் 1940களில் அங்கே ஓர் இருட்டறையில் வகுப்பு நடத்தினார். திரையில் ஓர் உருவம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மின்னி மறையும். மாணவர்கள் இருட்டிலேயே, தாளைப் பார்க்காமல், கண்ணில் தங்கியதை வரைய வேண்டும். பொருளை விவரம் விவரமாகப் பார்க்காமல், அது இருக்கும் இடத்தோடு சேர்த்து முழுதாய்ப் பார்க்கப் பழக்குவது அவர் எண்ணம். அந்த இருட்டில் உட்கார்ந்த மாணவர்களில் ஒருவர் ராய் லிக்டென்ஸ்டைன். 1943இல் படிப்பை விட்டுப் போருக்குப் போனார். திரும்பி வந்து 1946இல் இளங்கலையும் 1949இல் முதுகலையும் அங்கேயே முடித்தார். காமிக்ஸ் கட்டங்களைப் பெரிதாக்கி வரைந்து உலகப் புகழ் பெற்ற பின்னும் தன் ஆசிரியரை மறக்கவில்லை. மாணவர்கள் வேலை செய்ய ஒரு கட்டடம் எழப் பணம் கொடுத்து, அதற்கு ஷெர்மன் பெயரை வைக்கச் செய்தார்.

ஒரு பிற்பகலில் அந்த ஹாய்ட் எல். ஷெர்மன் ஸ்டூடியோ கலை மையத்தின் வாசல் வரை போனேன். வெல்டிங் புகையும் மரத்தூள் வாசமும் வெளியே வந்தன. தன்னைவிட உயரமான ஏதோ ஒன்றை, என்னவாகும் என்று இன்னும் தெரியாத ஒன்றை, ஒரு பெண் கதவு வழியாக வெளியே கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் புத்தகப் பையைப் படியில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.