புடிச்சத விட்டுட்டியா?

2016 டிசம்பரில் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டக்கூடத்தில் ஒரு டிஜிட்டல் காடு திறக்கப்பட்டது. மலாக்காவில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார், பெயர் தெரியாத சீன ஓவியர்களை வரையவைத்த 477 இயற்கை ஓவியங்கள் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஜப்பானின் டீம்லேப் குழு சுவரெங்கும் நடமாட விட்டிருந்தது. மிருகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தால் அது நம் கைக்குள் வந்துவிடும். கூடவே அதைப் பற்றிய குறிப்பும் வரும்.

ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியை அங்கே கூட்டிப்போனேன். நான் சென்சார் வேலை பார்ப்பவன். காட்டைவிட, அது நம்மை எங்கிருந்து கவனிக்கிறது என்று கூரையைத்தான் துழாவினேன்.

பாட்டி ஒரு தெனுக்கின் முன்னால் நின்றுவிட்டார்.

"இருட்டோட பெரட்டுக்குப் போறப்ப இதோட கால்தடத்தத்தான் பாத்திருக்கேன். ஒருநாளும் முன்னால வந்ததில்ல."

"காட்டுல இருக்கறது தோட்டத்துக்கு ஏன் வந்துச்சு?"

"அதான்டா காடு. அழிச்சித்தானே ரப்பர் போட்டான். நாங்கதான் அது வழியில நின்னோம்."

நான் போனை நீட்டினேன். "புடிச்சிட்டேன் பாட்டி!"

"சரி, விட்டுட்டியா?"

அப்போது சிரித்துவிட்டேன். அந்தப் போனும் எப்போதோ மாறிவிட்டது. போன வருஷம் பாட்டியின் காரியத்துக்கு ஜொகூர் போகும் வழியில், சாலையோரம் தெனுக் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்றைப் பார்த்தேன். ரொம்ப நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதுவும் வரவில்லை. வராமலிருந்ததே நல்லது என்று தோன்றியது.