ஏற்காடு இறக்கத்துல ஒரு ஹெரால்டு!

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல பெருங்களத்தூர், வண்டலூர்னு போனா, உங்க கண்ணு நேரா மிருகக்காட்சி சாலையைத்தான் தேடும். ஆனா, பழைய கார்னா உசுரை விடுற ஆளுங்களுக்கு இந்த ஏரியாவுல வேற ஒரு பெருமை இருக்கு. 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' பிறந்த மண்ணுங்க இது!

இங்கிலாந்துல 1959-ல் வந்த 'ட்ரையம்ப் ஹெரால்டு'தான் அண்ணன். இத்தாலிக்காரர் மிக்கேலாட்டி வரைஞ்ச டிசைன். 1961-ல் இருந்து சுமார் பத்து வருஷம் அதோட தம்பியை இங்கே செஞ்சாங்க. 948 சி.சி. இன்ஜின், முன்பக்கமாகச் சாய்ந்து மொத்தமாகத் திறக்கிற பானெட். நாலு கதவு மாடல் அண்ணனுக்கே கிடையாது, அது நம்ம ஊர் ஸ்பெஷல்.

உங்க தாத்தா வீட்டு ஷெட்ல தார்ப்பாய்க்குக் கீழே அப்படி ஒண்ணு தூங்கிட்டு இருக்குன்னு வைங்க. பசங்களோட ஏற்காடு போக பிளான் போட்டாச்சு. திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர்னு சேலம் வரைக்கும் கவலையே இல்லை. அடிவாரத்துல இருந்துதான் கதை ஆரம்பம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறும்போது உங்க காரைப் பார்த்து மத்த வண்டிக்காரங்க வாயைப் பிளப்பாங்க. ஏன்னா, ஹெரால்டு திரும்புறதுக்கு 25 அடி வட்டம் போதும். லண்டன் டாக்ஸி ரேஞ்சுக்குத் திரும்பும். ரிவர்ஸே எடுக்காம ஒவ்வொரு வளைவையும் அலட்சியமா முடிச்சிடலாம்.

இறங்கும்போதுதான் விவகாரம். அதுக்கு முதல்ல பின் சக்கரத்தோட ஜாதகம் தெரியணும். அம்பாஸடர்ல ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல ஒரே இரும்பு ஆக்சில். ஹெரால்டுல அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சேஸிஸ்ல நிலையா இருக்கும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் ஆக்சில், பறவை இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை கட்டு. வேகமா வளையும்போது காரோட பின்பக்கம் மேலே தூக்கும். இறக்கை கீழே மடங்கும், வெளிப்பக்கச் சக்கரத்தோட அடிப்பாகம் உள்ளே இழுத்துக்கும். டயர் முழுசா ரோட்டுல பதியாம விளிம்புல நிக்கும். பயந்துபோய் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கனா, பிரேக்கை மிதிச்சீங்கனா, எடை முன்னாடி பாயும். பின்பக்கம் இன்னும் தூக்கும். அப்புறம் வால் பக்கம் உங்களுக்கு முன்னாடி போகப் பார்க்கும். இடது பக்கம் பள்ளத்தாக்குன்னா..?

அமெரிக்காவுல ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதின புத்தகத்துல முதல் அத்தியாயமே இப்படி இறக்கை ஆக்சில் வெச்ச 'செவ்ரலே கார்வேர்' பத்திதான். அதனால இது நம்ம ஊர் மெக்கானிக் கிளப்பிவிட்ட புரளி இல்லை பாஸ்.

இந்த வியாதிக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு வைத்தியம் பார்த்தாங்க. நம்ம கம்பெனி 1972-ல் 'ஸ்டாண்டர்டு கெஸல்'னு ஒரு காரை விட்டப்போ, இறக்கையே வேணாம்னு ஒரே ஆக்சிலுக்கு மாறிட்டாங்க. இங்கிலாந்துல 1970-ல் 'ஸ்பிட்ஃபயர் மார்க் 4' வந்தப்போ ஆக்சிலை விட்டுட்டு ஸ்பிரிங்கை மாத்தினாங்க. அதுக்குப் பேர் 'ஸ்விங் ஸ்பிரிங்'. பட்டைகள்ல ஒண்ணை மட்டும்தான் நடுவுல இறுக்கிப் பிடிப்பாங்க. மத்ததெல்லாம் ஊஞ்சல் மாதிரி ஆடும். பள்ளத்துல விழுந்தா வழக்கம்போல தாங்கும். வளைவுல கார் சாயும்போது மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்காது. அதனால பின்பக்கம் தூக்குறது நல்லா குறையும்.

அந்த மாடல் கார்களுக்கான பாகங்கள் இங்கிலாந்துல இன்னிக்கும் புதுசா கிடைக்குது. உங்க ஹெரால்டுக்கு அதைத்தான் நான் சொல்வேன். ஆனா, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அளவெடுங்க. டிஃபரன்ஷியல் தலையில இருக்கிற ஸ்டட்களையும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும். பின்னாடி சாயுறதைத் தடுக்கிற வேலை குறைஞ்சதும் அந்தச் சுமை முன்னாடி வரும். அதனால முன்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் கண்டிப்பா போடணும். ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டு வந்து 'படகு மாதிரி ஆடுதுடா'னு புலம்பக் கூடாது.

கழட்டுறப்போ ஒரு விஷயம். பின் சீட்டுக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்தா ஸ்பிரிங் தெரியும். ஆனா, சக்கரம் கீழே ரொம்ப இறங்காம பிடிச்சிட்டிருக்கிறதே ஷாக் அப்சார்பர்தான். அடியில ஜாக்கி கொடுக்காம அதைக் கழட்டினா, ஸ்பிரிங்ல அடைஞ்சிருக்கிற வேகம் மொத்தமும் உங்க கைமேலதான் இறங்கும். எல்லாம் மாட்டி முடிச்சு இறக்கினதும் சக்கரம் ரெண்டும் உள்பக்கமா மடங்கியே நிக்கும். பதறாதீங்க. பத்தடி முன்னும் பின்னும் தள்ளுங்க, தானா உட்காரும். புஷ் போல்ட்டுகளைக் கடைசியா இறுக்குறது அதுக்கு அப்புறம்தான்.

இன்னொரு ஆபத்து, உள்ளூர் ஸ்பிரிங் பட்டறையில காத்திருக்கு. 'பின்னாடி தொங்குது தம்பி, பட்டைக்கு வளைவு ஏத்தி, ஒரு பிளேட் கூடப் போட்டுடலாம்'னு அக்கறையா சொல்வாங்க. லாரிக்கும் அம்பாஸடருக்கும் அது சரியான வைத்தியம். ஹெரால்டுக்கு அது விஷம்! பின்பக்கம் உயர உயர இறக்கை கீழே மடங்கித்தான் நிக்கும். நீங்க வளைவுக்குப் போறதுக்கு முன்னாடியே கார் பாதி கவிழத் தயாரா இருக்கும். கொஞ்சம் தாழ்ந்து, சக்கரத்தோட தலை லேசா உள்ளே சாய்ஞ்சு நிக்கிற ஹெரால்டுதான் ஆரோக்கியமான ஹெரால்டு. பார்க்க தளர்ந்த கிழவர் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே விடுங்க.

இவ்வளவும் செஞ்ச பிறகும் ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது வேகத்தை வளைவுக்கு முன்னாடியே, நேர் ரோட்டுலயே குறைச்சு, ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க. வளைவுக்குள்ள லேசா ஆக்சிலேட்டர் கொடுத்தபடியே திரும்புங்க. பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், நேர் ரோடு வந்ததும் ஓரம் கட்டி வழி விட்டுக்கலாம்.