கிறுகிறு, படபட, வெலவெல

தரம் 7 பிள்ளைகளுக்கு இந்த வாரம் இரட்டைக்கிளவி. சலசல, மளமள, கலகல என்று வழமையான உதாரணங்களைப் பலகையில் எழுதிவிட்டு, "வீட்ல கேட்ட சொல் ஏதாவது சொல்லுங்க" என்றேன். அக்கரப்பத்தனைப் பிள்ளைகள், மழையும் ஆறும் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு.

"அம்மாவுக்குத் தலை கிறுகிறுங்குது சேர்."
"பாட்டிக்குக் கை வெடவெடன்னு நடுங்கும் சேர்."
"மலை ஏறுனா கால் வெலவெலத்துப் போவுதுன்னு அம்மா சொல்லும் சேர்."

கொழுந்தெடுத்துவிட்டு வரும் தாய்மாரின் உடம்பு முழுக்க அந்தப் பலகையில் இருந்தது.

கவனித்துப் பாருங்கள். கிறுகிறு தலைக்கு. படபட நெஞ்சுக்கு. வெடவெட என்றால் குளிரிலோ காய்ச்சலிலோ பயத்திலோ வரும் நடுக்கம். வெலவெல என்றால் கைகாலில் பலமே கழன்றுபோவது. கால் கிறுகிறுக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது.

அடுக்குத்தொடரைப் பிரிக்கலாம், 'பாம்பு பாம்பு' என்பதில் ஒரு பாம்பே போதும். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. 'கிறு' என்று தனியாக ஒரு சொல் இல்லை. வியட்நாமிய மொழியிலும் பலவீனத்தைச் சொல்ல இப்படி இரட்டித்த சொற்கள் உண்டு. இவற்றை வேறு மொழிக்கு மாற்றுவதுதான் பெரும்பாடு.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவியின் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன், சிங்களம் பேச ஆள் வேண்டும் என்று. "தலை கிறுகிறுங்குது, நெஞ்சு படபடங்குது, மலை ஏறுனா கால் வெலவெலங்குது" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் முந்திக்கொண்டு, "உடம்புக்குப் பலமில்லையாம்" என்று சிங்களத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார். துண்டில் விட்டமின் எழுதப்பட்டது.

நான் மறித்து மூன்றையும் தனித்தனியே விளக்கினேன். தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோவது. வைத்தியர் பேனையை வைத்துவிட்டு, அவருடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருந்தது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. படிவங்களில் தமிழ் வந்தது நல்லது. ஆனால் நோயாளி படிவத்தில் பேசுவதில்லை.

யாருக்காவது மொழிபெயர்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் மூன்று சொல் சொன்னால் மூன்றையும் சொல்லுங்கள். நமக்கு எல்லாம் 'பலவீனம்' தானே என்று தோன்றும். அவர் தன் உடம்பில் எங்கே, என்ன நடக்கிறது என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார்.