புழுவில்லாத புழுவெட்டு

தலையில் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து, தோல் வழுவழுப்பாகத் தெரிவதை நாம் 'புழுவெட்டு' என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத புழுவொன்று முடியின் வேரை அரிக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர் அது. அங்கே புழு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் செய்யும் கெடுதல் உண்மையானது.

மஹய்யாவ பகுதியில் எனக்குத் தெரிந்த குடும்பமொன்றின் பாடசாலைப் பிள்ளைக்குச் சில வருடங்களுக்கு முன் இது வந்தது. புழு தமக்கும் தொற்றிவிடும் என்று சக மாணவிகள் அவளருகே உட்கார மறுத்தார்கள். தாயார் சின்ன வெங்காயம் தேய்த்தார். விளம்பரத்தில் கண்ட எண்ணெய்களையெல்லாம் வாங்கினார். தோல் நோய் வைத்தியரிடம் போனது கடைசியாகத்தான். "இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது" என்று அவர் சொன்னதே பிள்ளைக்கு முதல் மருந்தாக அமைந்தது.

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள், முடியின் வேரை எதிரியென்று தவறாகக் கருதித் தாக்குவதே இந்நோய். நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அஞ்செலா கிறிஸ்டியானோ தலைமையிலான குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்து 2010இல் இதற்கு வலுவான சான்று தந்தது. கிறிஸ்டியானோவும் இந்நோய்க்கு ஆளானவரே என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த ஆராய்ச்சி வழிகாட்ட, மூட்டுவாதத்துக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவந்த பாரிசிட்டினிப் என்ற மாத்திரை 1,200 பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. எல்லோரும் தலைமுடியில் பாதியையேனும் இழந்தவர்கள். 36 வாரங்களில், கூடிய அளவு மருந்து பெற்றவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்குச் சற்று அதிகமானோருக்குத் தலையின் பெரும்பகுதியில் முடி முளைத்திருந்தது. போலி மாத்திரை பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்குக்கூட அவ்வாறு நிகழவில்லை. 2022 ஜூனில் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. அதே ஆண்டு மார்ச்சில், இந்நோயுள்ள தம் மனைவியைக் கேலி செய்தவரை நடிகர் வில் ஸ்மித் ஒஸ்கார் மேடையில் அறைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடிய ரிட்லெசிட்டினிப் 2023இல் வந்தது.

இவை மந்திர மாத்திரைகள் அல்ல. கடுமையான தொற்றுகள், இரத்தக் கட்டி போன்ற ஆபத்துகள் குறித்து எச்சரிக்கைகள் உண்டு. நிறுத்தினால் முடி மீண்டும் உதிரலாம். விலையும் நம்மவர் பலருக்கு எட்டாதது.

அப்படியானால் வெங்காயம்? அதனையும் விஞ்ஞானம் ஒதுக்கிவிடவில்லை. ஈராக்கிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரங்களில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் பூசிய 15 பேரில் இருவருக்கே முளைத்தது. ஆயினும் இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. ஓரிரண்டு வட்டங்கள் மட்டும் தோன்றியவர்களுள் பலருக்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் ஓராண்டுக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். அந்த வேளையில் கையிலிருந்த போத்தலுக்குப் புகழ் போய்ச் சேருகிறது. பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்த காலமெல்லாம், 'முன், பின்' என்று இரு படங்களோடு வரும் எண்ணெய் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். அவை எதிலும் எண்ணெய் பூசாதவரின் படம் இருந்ததில்லை. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்றாவது படம்தான்.

பிள்ளையின் தலையில் வட்டம் தெரிந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். தலையில் வரும் படர்தாமரையும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். அது தொற்றக்கூடியது, அதற்கு வேறு மருந்து. புழுவெட்டுத்தான் என்று உறுதியானால், அது தொற்றாது என்பதை வகுப்பாசிரியரிடம் நேரில் சென்று சொல்லிவிடுங்கள். முடி வரும்வரை அந்தப் பிள்ளை தோழிகளுடன் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.