கொடி பிடித்த கதை

நானும் கொஞ்ச காலம் கொடி பிடிச்சிருக்கேன் மக்களே. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. ஒரு கையில சிவப்பு, இன்னொரு கையில பச்சை :-)

2012-ல் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற ரோட்டில் சிறுபாலம் கட்டும் வேலை. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். இந்த முனையில் நான், அந்த முனையில் ஒரு அக்கா. நடுவில் வளைவு. செல்போனில் சிக்னலும் கிடையாது. அதனால் நான் விடுகிற கடைசி வண்டிக்காரரிடம் ஒரு புங்கங்கிளையைக் கொடுத்து அனுப்புவேன். அது கைக்கு வந்த பிறகுதான் அக்கா பச்சை காட்டுவாங்க. அங்கே கடைசி வண்டியில் அதே கிளை எனக்குத் திரும்பி வரும். ரயிலில் ஒற்றைப் பாதைக்கு டோக்கன் கொடுப்பார்களே, அதே சங்கதிதான். சாயங்காலத்துக்குள் கிளையில் இலை இருக்காது, அவ்வளவுதான்.

நிறுத்தினால் திட்டு. எங்க ஊரில் அது தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு மொழியில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகிற பெங்களூர் பைக்காரர்கள் வந்தால் இங்கிலீஷும் சேரும். தக்காளி ஏற்றியவர் அவசரம் நியாயம். ஓசூர் கம்பெனி ஷிப்டுக்கு ஓடுற பையன் அவசரமும் நியாயம். ஆனா கொடியை இறக்க முடியாதே. எதிரே வர்றவன் நம்மளை நம்பி வர்றான்.

ராகி அறுப்பு சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இந்தக் காடுகளுக்கு வரும். ஒரு நாள் வனத்துறை வாட்சர் ஓடிவந்து, "ரெண்டு பக்கமும் நிறுத்துப்பா" என்றார். முக்கால் மணி நேரம். ஒருத்தர் ஹாரன் அடிக்கணுமே! என் கொடிக்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை.

அதற்கு அடுத்த வாரம் நல்ல பனி. காலையில் டிப்பர் டிரைவரிடம் கிளையைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பின்னால் ஒரே ஹாரன். "தூங்கிட்டியா?" என்று ஒருத்தர் இறங்கியே வந்துவிட்டார். நான் பச்சை காட்டலை. கடைசியில் டிப்பர் கிளீனர் கிளையோடு நடந்து வந்தான்.

அக்கா சிவப்பு காட்டியும் ஒரு பைக் உள்ளே பாய்ந்திருக்கிறது. தடுக்கக் கை நீட்டியவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. டிப்பர்காரர் பிரேக் போட்டதால் பைக்காரன் பிழைத்தான்.

எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒளிரும் சட்டைதான் கொடுத்திருந்தார்கள். முறை வைத்துப் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு அது என் முறை.

ஆட்டோ காசு மட்டும் கான்ட்ராக்டர் கொடுத்தார். வராத நாளுக்குக் கூலி இல்லை என்றுவிட்டார். 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் அப்போது ரோடு வேலையும் இருந்தது, நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பார்க்கப் போனபோது மாவுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாங்க.

"அந்தப் பக்கம் இப்ப யாரு நிக்கறாங்க தம்பி?"

"புதுசா ஒரு பையன்க்கா."

"அவனுக்குச் சட்டை குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கக்கா. ரெண்டு வாங்கிட்டாங்க."